காய்ச்சல் பெக்கேஜ்: டைபொயிட் இருக்கிறது, டைபஸ் இல்லை

மலையகத்து டவுன்களில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லெப் கலெக்ஷன் சென்டர்களில், கண்ணாடியில் ஒட்டிய பட்டியலில் ‘காய்ச்சல் பெக்கேஜ்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரே ஊசி, ஒரே பில், பின்னேரம் ரிப்போர்ட். அப்படி ஒரு சென்டரின் பெக்கேஜைத்தான் இங்கே எடைபோடுகிறோம். பெயர் வேண்டாம், பக்கத்துக் கடையிலும் ஏறக்குறைய இதே சாமான்தான். உள்ளே இருப்பவை: எஃப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), யூ.எஃப்.ஆர். (சிறுநீர் டெஸ்ட்), டெங்கு என்.எஸ்.1 ஆன்டிஜன் (டெங்கு வைரஸின் புரதம்), ஈரலுக்கு எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும், டைபொயிட்டுக்கு விடால் என்ற இரத்த டெஸ்ட்.

டெங்குவைத் தேட இது நல்ல பெக்கேஜ். தேயிலைக் கொழுந்து மலையில் நிற்கிறவருக்கு வரும், டைபஸ் இனத்தைச் சேர்ந்த உண்ணிக் காய்ச்சலை இது பெயர் சொல்லிக் காட்டாது. “டெங்கு இல்லையாம், டைபொயிட்டும் இல்லையாம்” என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, காய்ச்சல் எட்டாம் நாளைத் தாண்டிய பிறகு வார்டுக்கு வருவதுதான் இதில் உள்ள ஆபத்து.

முதலில் எஃப்.பி.சி. பெக்கேஜில் காசுக்குச் சரியான பெறுமதி உள்ள டெஸ்ட் இதுதான். ஊதா மூடிக் குழாயில், கோடு வரைக்கும் இரத்தம் எடுத்து, உடனே எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது, சும்மா ஸ்டாண்டில் செருகி வைக்கவும் கூடாது. கவுண்டரில் ஐந்தாறு பேர் நிற்கும்போது விடுபடுவது இந்தப் படிதான். நன்றாகக் கலக்காத இரத்தத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் விழும். மெஷின் அவற்றை எண்ணாது. பிளேட்லட் (இரத்தம் உறைய உதவும் சிறு அணு) 60,000 என்று அடித்துவரும், வீடே அழும். சிலருக்கு ஒழுங்காகக் கலக்கினாலும் அந்தக் குழாயின் மருந்துக்கே பிளேட்லட் திரண்டுவிடும். அதனால் கண்டல், இரத்தக்கசிவு எதுவும் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் திடீரென விழுந்திருந்தால், கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களா என்று கேளுங்கள். நீல மூடிக் குழாயில் இன்னொரு தடவை எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். இந்தச் சென்டரின் ரிப்போர்ட்டில் ‘தகடு பார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி அச்சாகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் இதற்காகவே இவர்களுக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

என்.எஸ்.1க்கு நாள் கணக்கு முக்கியம். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் செய்தால்தான் பிரயோசனம். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு அது அதற்கு முன்னமே மறைந்துவிடலாம். ஏழாம் நாள் வருகிறவருக்கும் இதே பெக்கேஜை வெட்டிக் கொடுப்பது காசைத் தண்ணீரில் போடுவது போல. கவுண்டரில் இருக்கிற பிள்ளை “காய்ச்சல் எத்தனை நாள்?” என்று கேட்பதில்லை. ஃபோமிலும் அதற்குக் கட்டம் இல்லை. இதுதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை.

சி.ஆர்.பி.யைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மலையகத்தில் அதை டெங்கு ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். டெங்குவில் பிளேட்லட் குறையும், ஆனால் சி.ஆர்.பி. பெரும்பாலும் பெரிதாக ஏறாது. பிளேட்லட்டும் குறைந்து, சி.ஆர்.பி.யும் நன்றாக ஏறி, வெள்ளணு நோர்மலாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருந்து, எஸ்.ஜி.பி.டி. லேசாகக் கூடி, என்.எஸ்.1 இல்லையென்று வந்து, காய்ச்சலும் ஐந்து நாளைத் தாண்டினால் உண்ணிக் காய்ச்சல் மனதுக்கு வர வேண்டும். தாழ்வான பகுதியில் வயலிலோ சேற்றுத் தண்ணீரிலோ நின்றவர் என்றால் எலிக்காய்ச்சலும் சேர்ந்து வர வேண்டும். ஆக, பெக்கேஜ் தடயத்தைத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘கூட’, ‘குறைய’ என்று மட்டும் அடித்துவிட்டு நிறுத்துகிறது.

விடாலுக்கு இந்தப் பெக்கேஜில் இடமே இருக்கக் கூடாது. முந்திய தொற்றும் தடுப்பூசியும் வேறு காய்ச்சல்களும்கூட அதை ஏற்றிக் காட்டும். டைபொயிட்டுக்குத் தேவைப்படுவது, அன்டிபயோட்டிக் தொடங்குமுன் எடுக்கும் பிளட் கல்ச்சர். விடாலால் வரும் இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. “டைபொயிட் பார்த்தாச்சு” என்று வீட்டில் சொல்வார்கள். டொக்டர் “டைபஸ் பார்த்தீங்களா?” என்று கேட்டால், “ஓ, பார்த்தது, இல்லையாம்” என்பார்கள். இரண்டும் வேறு. டைபொயிட் சாப்பாடு, தண்ணீரால் வருவது. டைபஸ் பூச்சியால் வருவது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் இந்த இனத்தில் அதிகம் காணப்படுவது உண்ணி பரப்பும் புள்ளிக் காய்ச்சல் வகை. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் மேல் மாகாணத்திலும் யாழ்ப்பாணத்திலும் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது.

பெக்கேஜில் இல்லாத டெஸ்ட் ஒன்று உண்டு, அதற்குக் காசும் இல்லை: உடம்பை முழுதாகப் பார்ப்பது. லயத்துக் காம்பராவின் வெளிச்சத்தில் தெரியாது, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புள்ளிக் காய்ச்சலில் நாலாம், ஐந்தாம் நாளளவில் தோலில் தடிப்பும் புள்ளியும் வரும். கறுத்த தோலில் அது எளிதில் பிடிபடாது. ஆகவே முதலில் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள், அங்கேயும் புள்ளி வருவது இந்தக் காய்ச்சலின் அடையாளம். கடுமையானவர்களுக்குக் கை கால் தோலில் பன்னம் இலையை வைத்து அழுத்திய மாதிரி கருஞ்சிவப்புப் படிவம் விழும். அதைக் கண்டால் லெப்புக்குப் போக வேண்டாம், நேரே ஹொஸ்பிட்டல்.

ஸ்க்ரப் டைபஸ் என்றால் தேட வேண்டியது ஒரு காய்ந்த கறுப்புப் பொருக்கு. சிகரெட் சுட்ட புண் போல, சுற்றிவரச் சிவந்து இருக்கும், வலிக்காது. வலிக்காததால் யாரும் சொல்லமாட்டார்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், காதின் பின்பக்கம், படங்கைக் கட்டும் இடுப்புக் கயிற்றின் தடம் ஆகியவைதான் அது ஒளியும் இடங்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் அதை “அட்டை கடிச்ச இடம்” என்று விட்டுவிடுவார்கள். அட்டைக் கடி வேறு மாதிரி: மூன்று கீறல் சேர்ந்த சின்ன வாய், இரத்தம் நிற்காமல் கசியும், பிறகு அரிக்கும். உண்ணிப் புள்ளிக் காய்ச்சலில் இந்தக் கறுப்புப் பொருக்கு இங்கே அவ்வளவாக வருவதில்லை, ஆகவே அது இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவெடுக்க முடியாது.

சரி, இரத்தத்தில் பார்க்க வழி இல்லையா? இருக்கிறது. சில லெப்கள் தனியாக விற்பது வைல்-ஃபெலிக்ஸ். ஓ.எக்ஸ் 2, ஓ.எக்ஸ் 19, ஓ.எக்ஸ் கே என்று மூன்று வரி வரும். வேறொரு கிருமியின் துணுக்கை வைத்துச் சுற்றுவழியில் தேடும் பழைய டெஸ்ட் அது. முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, இல்லையென்று வந்தால் நம்பவும் முடியாது. நம்பத்தக்கது ஐ.எஃப்.ஏ., அதாவது இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ஒளிரவைத்து அளக்கும் டெஸ்ட். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்கிறது. அரச வார்டில் சேர்ந்தால் டொக்டரே மாதிரியை அனுப்புவார். இரண்டு தடவை இரத்தம் தேவை: ஒன்று வந்தவுடன், மற்றது இரண்டு முதல் நான்கு கிழமை கழித்து. எதிர்ப்பொருளின் அளவு 1:64 என்று இருந்தது 1:256 ஆனால், அதாவது நாலு மடங்கு ஏறினால், உறுதி. பிரச்சினை இரண்டாவது இரத்தத்தில்தான். காய்ச்சல் விட்டு, கைகாசு வேலையும் தொடங்கிய பிறகு, ஒரு நாள் பேரை (நாட்சம்பளத்தை) விட்டுவிட்டு யார் கிளினிக்குக்கு வருவார்கள்?

அதனால்தான் நல்ல டொக்டர்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. சந்தேகம் வந்தவுடன் டொக்சிசைக்ளின் தொடங்குகிறார்கள். பெரியவருக்கு வழமையான அளவு 100 மில்லிகிராம், காலை மாலை, ஏழு நாள். சரியான நோய்க்குச் சரியான மருந்து விழுந்தால் பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் இறங்கும், அதுவே ஒரு டெஸ்ட் மாதிரி. இறங்காவிட்டால் நோயை மறுபடி யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பதுண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு என்பதை நிறையைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். பார்மசியில் வாங்கும் அமொக்சிசிலினோ, அதைவிட விலை கூடிய செஃப் மாத்திரைகளோ இதில் வேலை செய்யாது. கிருமி வாழ்வது இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்களுக்கு உள்ளே, அந்த வகை மருந்துகளால் அங்கே அதை ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வகை அன்டிபயோட்டிக் மாற்றியும் இறங்காத காய்ச்சல் டொக்சிசைக்ளினுக்கு இரண்டு நாளில் அடங்குவது இப்படித்தான். தாமதித்தால் மூளை, நுரையீரல், சிறுநீரகம் என்று ஏறும். ஸ்க்ரப் டைபஸில் காது மந்தமாவதும் உண்டு.

டொக்சிசைக்ளின் மாத்திரையை விழுங்குவதிலும் பிழை விடலாம். சாப்பிட்ட பிறகு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு, உட்கார்ந்துகொண்டு எடுத்து அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால் தேத்தண்ணியோடு வேண்டாம். இரத்தச்சோகைக்கு அயர்ன் மாத்திரை எடுக்கிற பெண்கள் இரண்டுக்கும் இடையில் சில மணித்தியாலம் விட வேண்டும், அயர்ன் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை வலிக்கு டைக்ளோஃபெனாக் தொடவே கூடாது, பரசிட்டமோல் மட்டும்.

சென்டரின் வேலைத்தரத்துக்கு வருவோம். இங்கே எஃப்.பி.சி. அந்த இடத்திலேயே செய்கிறார்கள், நல்லது. மற்றவை பின்னேர வேனில் பெரிய லெப்புக்குப் போகின்றன. சீரம் எடுக்கும் இரத்தம் அரை மணித்தியாலம் உறைந்த பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரித்துத்தான் அனுப்பப்பட வேண்டும். இவர்களிடம் மெஷின் இருக்கிறது, ஆனால் பின்னேரத்து மாதிரிகளைச் சுற்றாமலே ஐஸ் பெட்டியில் போடுவது தெரிகிறது. குளிரில் கிடக்கும் பிரிக்காத இரத்தத்தில் பொட்டாசியம் சிவப்பணுவிலிருந்து கசிந்து ஏறும், குளுக்கோஸும் மெல்ல இறங்கும். நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு ஐஸ் இல்லாவிட்டாலும் இது நடக்கும். காய்ச்சலோடு சேர்த்துச் சிறுநீரக டெஸ்ட்டும் எழுதியிருந்தால் காலை 9 மணிக்கு முன் இரத்தம் கொடுங்கள்.

பில்லைப் பிரித்துக் கேட்டால் தருகிறார்கள். எஃப்.பி.சி.க்கும் டெங்கு ஆன்டிஜனுக்கும் அரசாங்கம் உச்சவிலை விதித்திருக்கிறது, பெக்கேஜ் விலைக்குள் அதைப் பார்க்க முடியாது. முதல் மூன்று நாளில் வருகிறவர் இந்த இரண்டோடு சி.ஆர்.பி.யை மட்டும் எடுத்தால் போதும். அன்றைய எஃப்.பி.சி. நன்றாக இருந்தாலும் அடுத்த நாளும் ஒன்று எடுக்க வேண்டும். பிளேட்லட் 100,000க்குக் கீழே போனால் வார்ட்தான். ஆறாம் நாளுக்குப் பிறகு வருகிறவர் பெக்கேஜ் காசை பஸ்ஸுக்கு வைத்துக்கொண்டு அரச ஹொஸ்பிட்டல் ஓ.பி.டி.க்குப் போகலாம். டைபஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அங்கே எழுதப்பட்டால் தகவல் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கும் பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும்) போகும், தனியார் கவுண்டரில் அது நின்றுபோகும்.

எஃப்.பி.சி.க்கு ஐந்துக்கு நாலு. பெக்கேஜாகப் பார்த்தால் இரண்டரை. விடாலை எடுத்துவிட்டு, ஃபோமில் இரண்டு கட்டம் சேர்த்தால் நாலு கொடுக்கலாம்: ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்?’, ‘மலை, காடு, மாடு, நாய், உண்ணி?’