மனுவா, வழக்கா?

கொரோனா காலத்துக் கணக்கை ஆட்சியாளர்களிடம் கேட்க மதுரைக்காரருக்கு இரண்டு வழி. ஒன்று தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பதிவுத் தபாலில் போட்டால் போதும்; 30 நாளில் பதில் தரச் சொல்கிறது 2005 சட்டம். தராவிட்டால் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். இழுக்கத்தான் செய்யும். ஆனாலும் கையில் கிடைப்பது கையெழுத்துப் போட்ட காகிதம். "ஆக்சிஜன் படுக்கை எத்தனை இருந்தது?" என்று கேளுங்கள். "ஏன் கோட்டை விட்டீர்கள்?" என்று கேட்டால் ஒன்றும் தேறாது.

மற்றது, ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்கு. வக்கீல், செலவு, அலைச்சல். ஆனால் அரசை அசைக்கும் பலம் இதற்குத்தான்: இப்படிப் போட்ட பொதுநல வழக்கில் 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கொரோனா மரணத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று முடிவானது.

என்னைக் கேட்டால், முதலில் மனு. காகிதம் இல்லாமல் ஒத்தக்கடைக்கு பஸ் ஏறாதீர்கள்.