குடில் ஊருக்கு எந்த விளக்கு? ஒயருக்கு எந்த வழி?

கிறிஸ்துமஸ் குடிலோடு நிறுத்தாமல் ஓட்டு வீடு, ஆலயம், கிணறு, பாலம், தெருவிளக்கு என்று ஒரு ஊரையே எழுப்புகிறவர்கள் முதலில் வாங்குவது விளக்கு. ஒயரை எப்படி மறைப்பது என்ற யோசனை டிசம்பர் 23 ராத்திரிதான் வரும். இந்த வரிசையை மாற்ற வேண்டும். ஒயர் போகிற வழி முடிவானால், எந்த விளக்கு என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் நம் வேலைக்கு ஆகக்கூடியவை நான்கு: 230 வோல்ட் சீரியல் செட், 5 வோல்ட் செம்புக் கம்பி ஃபெய்ரி லைட், 12 வோல்ட் எல்இடி, பிக்சல் (பல்புக்குப் பல்பு தனியாக நிறம் மாறும் சரம்). கணக்குக்கு 6 அடிக்கு 4 அடி தளம், 12 வீடு, ஒரு ஆலயம், ஒரு தொழுவம், 8 தெருவிளக்கு என்று வைத்துக்கொள்வோம்.

சீரியல் செட்

மலிவு, பிளக்கில் செருகினால் எரியும். குறையும் அங்கேதான் தொடங்குகிறது. வைக்கோல், மரத்தூள், முளைவிட்ட கேழ்வரகுத் தட்டு ஆகியவற்றின் நடுவே மெல்லிய உறை போட்ட ஒயரில் 230 வோல்ட் ஓடும். புல்லுக்குத் தினமும் தண்ணீர் தெளிப்போம்; முளைத்த தானியத்தைத் தேடி எலி வரும்; எலி ஒயரையும் கடிக்கும். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் கசிவு வந்ததும் அது விழும். இல்லாத வீட்டில் குழந்தையின் கைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

இன்னொரு தொல்லை, நீளம் மிச்சமென்று பல்புகளை வெட்டி எடுப்பது. தொடரிணைப்பில் பல்பு குறைந்தால் மீதிப் பல்பு ஒவ்வொன்றுக்கும் அதிக மின்னழுத்தம் விழும், ஒவ்வொன்றாகக் கருகும். மலிவான செட்டுகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் போனில் வீடியோ எடுக்கும்போது கோடுகோடாகத் தெரியும். பழைய இழை பல்பு செட் கையில் இருந்தால் அதை தெர்மாகோல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சுமார் 80 டிகிரிக்கு மேல் தெர்மாகோல் இளகிவிடும்.

ஆகவே சீரியல் செட்டுக்கு இடம் வாசல், மரம், நட்சத்திரம். ஊருக்குள் வேண்டாம்.

ஃபெய்ரி லைட்

கம்பி முடி போல மெலிதாக இருப்பதால் மறைப்பது சுலபம் என்று நினைத்து வாங்குகிறோம். ஆனால் இங்கே மறைக்க வேண்டியது கம்பியை அல்ல, பல்பை. பெரும்பாலான சரங்களில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு பல்பு. இரண்டு வீட்டுக்கு இடையே 30 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு மூன்று பல்பு தரையில் கிடந்து எரியும். மேலே மரத்தூளைப் போட்டால் தூள் ஒளிரும். ஒவ்வொன்றிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் ஆக வேண்டும்.

கம்பியின் மேல் இருப்பது வெறும் எனாமல் பூச்சு. ஆணிமுனையோ கட்டுக்கம்பியோ உரசினால் இரண்டு கம்பியும் ஒட்டிச் சரம் முழுக்க அணையும். இழுத்து அறுந்தால் அறுந்த இடத்துக்கு அப்பால் இருட்டு. ஒட்டவைக்க வேண்டுமானால் எனாமலைச் சுரண்டிவிட்டு ஈயம் வைக்க (சால்டர் செய்ய) வேண்டும். சுரண்டாமல் முறுக்கினால் எரியாது. பவர் பேங்கில் போட நினைப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் சில நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும். பழைய மொபைல் சார்ஜர் போதும்.

மேஜை மேல் இரண்டு மூன்று வீடு, நெருக்கமான அமைப்பு என்றால் ஃபெய்ரி லைட்டே நல்லது. ஒரு வீட்டுக்கு மூன்று பல்பைச் சுருட்டி உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது.

12 வோல்ட்

இதில் வேலை அதிகம், பலனும் அதிகம். தேவையான இடத்தில் மட்டும் பல்பு இருக்கும். நடுவில் வெறும் ஒயர்தான். கண்காணிப்பு கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும்.

வீட்டுக்கு ஒரு 5 மில்லிமீட்டர் வார்ம் ஒயிட் எல்இடி, அதோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்; நிற வளையங்கள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு). சுமார் 9 மில்லியாம்பியர் ஓடும், விளக்கேற்றிய வீடு மாதிரி தெரிய அது தாராளம். 470 ஓம் போட்டால் இரட்டை மடங்கு ஓடி ஜன்னல் கண்ணைக் குத்தும். ஆலயத்துக்கு மூன்று வெள்ளை எல்இடியைத் தொடராக இணைத்து 150 ஓம். அப்படி இரண்டு வரிசை. தெருவிளக்குக்கு 3 மில்லிமீட்டர் மஞ்சள், நான்கு நான்காகத் தொடரில், வரிசைக்கு 220 ஓம். தொழுவத்துக்கு 10 சென்டிமீட்டர் எல்இடி ஸ்டிரிப் (பட்டை விளக்கு). மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்டிரிப்பை 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, குறிபோட்ட இடத்தில் மட்டும் வெட்டலாம். பின்திரை வானத்துக்கு மீட்டருக்கு 4.8 வாட் நீல ஸ்டிரிப் 2 மீட்டர்.

கூட்டிப் பாருங்கள்: ஊர் முழுவதும் 0.22 ஆம்பியர், நீல வானம் மட்டும் 0.8. வானத்துக்குத் தனி சுவிட்ச் வைத்தால் கரண்ட் போகும் நேரத்தில் அதை அணைத்துவிட்டு, ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியில் ஊரை ராத்திரி முழுக்க எரிய விடலாம். தொழுவத்துக்கும் தனி சுவிட்ச் வேண்டும். 24-ஆம் தேதி நடுராத்திரி திருப்பலி முடிந்து பாலன் இயேசுவைக் கிடத்தும்வரை அது அணைந்தே இருக்கட்டும்.

எரியவில்லை என்றால் முதலில் எல்இடியின் காலைப் பாருங்கள்: நீளமான கால் பிளஸ். வெவ்வேறு நிறங்களைப் பக்க இணைப்பில் ஒரே ரெசிஸ்டரில் மாட்டினால் சிவப்பு, மஞ்சள் மட்டும் எரியும், வெள்ளை செத்துக்கிடக்கும். அவற்றுக்கு 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வேண்டும் என்பதால் ஓட்டமெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும்.

பிக்சல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 12 மில்லிமீட்டர் துளையில் உட்காரும், நிறம் ஓடும், பார்க்க அட்டகாசம். நட்சத்திரத்துக்கும் வளைவுக்கும் சரி. வீட்டு ஜன்னலில் ஓடவிட்டால் பெத்லகேம் திருவிழாக் கடைத்தெரு ஆகிவிடும்.

ஒயர் வழி: கீழா, மேலா, பள்ளமா?

மறைப்பதில் சிறந்தது, தளத்தைத் தூக்கிவிடுவது. 9 மில்லிமீட்டர் பிளைவுட், 3 அங்குல ரீப்பர் கால். வீடு நிற்கும் இடங்களில் 6 மில்லிமீட்டர் துளை. அடியில் நீளவாக்கில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முதுகெலும்பு ஒயர். ஒவ்வொரு வீடும் திருகு கனெக்டர் ஸ்ட்ரிப் வழியாக அதில் சேரும். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 4 மீட்டருக்கு 1 ஆம்பியர் போனாலும் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இழப்பு, கண்ணுக்குத் தெரியாது. பழுது வந்தால் வீட்டைக் கலைக்காமல் கீழே குனிந்து பார்க்கலாம். முன்பக்கத் திறப்பை ஓலைப் பாயால் மூடிவிடலாம்.

முற்றத்தில் மண்மேல் அமைப்பவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் 20 மில்லிமீட்டர் பிவிசி பைப்பை மணலுக்குள் புதைத்து, வீட்டடியில் மட்டும் மேலே திறக்க விடலாம். இணைப்புகள் மண்ணில் கிடக்கக் கூடாது, எல்லாம் வீட்டுக்குள் வரட்டும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் கடல்மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதை அப்படியே பரப்பினால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், செம்பு முனைகள் சில நாளிலேயே பச்சை பூக்கும். மணலை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், அல்லது எம்-சாண்ட் போடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) மாட்டுவது கரையோரத்தில் கட்டாயம்.

மரத்தூளாலோ வைக்கோலாலோ மேலிருந்து மூடுவது சோம்பேறி வழி. இரண்டு நாளில் தூள் நகர்ந்து ஒயர் வெளியே தெரியும். வேறு வழியில்லை என்றால் ஆற்றின் கரை, வேலியின் அடி, சாலையோரக் கற்களின் பின்புறம் என்று ஓரங்களை ஒட்டி ஓட்டி, மங்கலான பழுப்பு அக்ரிலிக் பூசுங்கள். மூன்று ராஜாக்களை நாள்தோறும் நகர்த்தும் வீடுகளில் அந்தப் பாதையை விட்டுவிட வேண்டும்.

தெர்மாகோலில் பள்ளம் வெட்டி ஒயரைப் பதிப்பது பார்வைக்குச் சுத்தம். ஆனால் பிவிசி உறையிலுள்ள இளக்கிப் பொருள் தெர்மாகோலுக்குள் இறங்கும். தெர்மாகோல் உருகியது போலாகும், உறை விறைத்து வெடிக்கும். இரண்டு வாரத்துக்குப் பரவாயில்லை. ஜனவரி 6 முடிந்து அப்படியே கட்டி அட்டத்தில் போட்டால் அடுத்த வருஷம் தெரியும். ஒயருக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே காகிதம் கொடுங்கள். பள்ளத்தை மூட ஃபெவிகாலில் தோய்த்த செய்தித்தாள் போதும். சால்வென்ட் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும்.

வீட்டுக்குள்

அட்டைச் சுவர் விளக்கு விட்டதும் முழுக்கச் சிவந்து ஒளிரும். உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, காய்ந்தபின் மேலே ஒரு கோட் வெள்ளை அடித்தால் ஒளி ஜன்னலில் மட்டும் வரும். சிலர் அலுமினியத் தாள் ஒட்டுவார்கள். எல்இடி காலில் பட்டால் ஷார்ட் ஆகும். ஜன்னலுக்குப் பட்டர் பேப்பர். பல்பு ஜன்னலைப் பார்க்காமல் கூரையைப் பார்க்க நிற்கட்டும், வெளிச்சம் சீராகப் பரவும். அடாப்டர் மட்டும் வைக்கோலுக்கும் தெர்மாகோலுக்கும் வெளியே, காற்றுப்படும் இடத்தில், தரையைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.