நிலக்கரியில் மீத்தேன்: எடை போட்டு அளப்பதா, அழுத்தத்தை வைத்து அளப்பதா?

நிலக்கரி எவ்வளவு மீத்தேனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அளக்க இரண்டு முறைகள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கின்றன. எடை முறையில் நிலக்கரித் தூளைத் தராசில் தொங்கவிட்டு, வாயுவை உள்ளே செலுத்தி, எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கிறோம். கன அளவு முறையில் கொள்ளளவு தெரிந்த கலனில் வாயுவை அடைத்து, நிலக்கரி இருக்கும் கலனுக்குள் திறந்துவிட்டு, அழுத்தம் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்கிறோம், அவ்வளவு வாயு கரியில் ஒட்டிவிட்டது என்று கணக்கு. இரண்டிலும் வேலை செய்து பார்த்துவிட்டுக் கன அளவு முறைக்கு வந்தவன் நான், அதற்குக் காரணம் தண்ணீர்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். கரி அடைத்துக்கொள்ளும் இடம் எவ்வளவு என்று இரண்டு முறையிலும் ஹீலியத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் (எடை முறையில் மிதப்பு விசைத் திருத்தத்துக்கு, அதாவது சுற்றியுள்ள வாயு கரியை மேலே தூக்கி எடையைக் குறைத்துக் காட்டுவதைச் சரிசெய்ய). மீத்தேன் புகாத நுண்துளைகளிலும் ஹீலியம் புகும் என்பதால் அதில் வரும் பிழை இருவருக்கும் பொது. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி அளந்து கடைசியில் கிடைக்கும் புள்ளிகளை இருவரும், அழுத்தத்துக்கு ஏற்ப எவ்வளவு வாயு ஒட்டும் என்று சொல்லும் 1918ஆம் ஆண்டின் லாங்முயர் சமன்பாட்டில்தான் பொருத்துகிறோம்.

எடை முறையின் பலம் உண்மையானது. ஒவ்வொரு அழுத்தத்திலும் வரும் அளவீடு தனித்து நிற்கும், சில கிராம் மாதிரி போதும், எடை ஏறி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கன அளவு முறையில் முதல் படியில் செய்த பிழை அடுத்த படிக்கு, அதற்கடுத்த படிக்கு என்று சேர்ந்துகொண்டே போகும், ஒரு வால்வில் லேசான கசிவு இருந்தால் அதுவும் கரி குடித்த வாயுவாகவே கணக்கில் ஏறிவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரி ஈரமாகத்தான் இருக்கிறது. கரியின் பரப்பில் ஆக்சிஜன் உள்ள இடங்களைத் தண்ணீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டு துளை வாய்களையும் அடைத்துவிடுவதால் மீத்தேனுக்கு இடம் குறைகிறது. ஈரம் ஒரு எல்லை வரைக்கும்தான் கெடுக்கும், அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்தாலும் மீத்தேன் அளவு மாறாது என்று ஜூபர்ட் குழுவினர் 1973இல் காட்டினார்கள். அதனால் உலர்ந்த கரியில் அளந்த எண்ணை அப்படியே சுரங்கப் படுகைக்குப் பொருத்தினால் வாயு இருப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். 30 டிகிரியில், பொட்டாசியம் சல்பேட்டின் தெவிட்டிய கரைசல் தரும் சுமார் 97 சதவீத ஈரப்பதத்தில் மாதிரியை நாள்கணக்கில் வைத்திருந்து, பிறகே அளக்க வேண்டும்.

அந்த ஈரக் கரியைத் தராசில் ஏற்றும்போதுதான் சிக்கல். கிராமுக்கு 0.7 மில்லிமோல் மீத்தேன் ஒட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் கரியில் கூடும் எடை 56 மில்லிகிராம்தான். காற்றை வெளியேற்ற வெற்றிடம் கொடுத்த பிறகு அதே கரியிலிருந்து கவனிக்காமல் 0.2 சதவீத ஈரம் போனால் 10 மில்லிகிராம் குறையும். கிட்டத்தட்ட 18 சதவீதப் பிழை! ஒரு மோல் மீத்தேன் 16 கிராம், ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். வந்தது எது, போனது எது என்று தராசுக்குத் தெரியாது, கூட்டிக் கழித்ததை மட்டும் காட்டும். என் முதல் ஈரக் கரி அளவீடுகளில் வளைவு நடுவில் கீழே சரிந்ததற்கு நான் வெகுநாள் மிதப்பு விசைத் திருத்தத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

கன அளவு முறையில் 100 கிராம் கரியை வைக்கலாம். கொஞ்சம் தண்ணீர் ஆவியானாலும் 30 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் 4 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல்தான், 8 மெகாபாஸ்கல் மீத்தேனுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. நீண்ட வெற்றிடம் வேண்டாம், ஹீலியத்தால் காற்றைத் தள்ளினால் போதும். சோதனை முடிந்ததும் கரியை எடுத்து எடை போட்டு, ஈரம் எவ்வளவு போயிற்று என்று தனியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை வெப்பநிலையை மன்னிக்காது. 100 மில்லிலிட்டர் கலனில் 8 மெகாபாஸ்கலில் இருக்கும் மீத்தேன் 0.1 டிகிரி நகர்ந்தாலே ஏறக்குறைய 0.12 மில்லிமோல் தவறும். கரி 100 கிராம் இருந்தால் அது பொருட்டில்லை, 5 கிராம்தான் இருக்கிறது என்றால் 3 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதனால் மாதிரி குறைவாக உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு இதற்கு மாற வேண்டாம்.

ஹெக்சேன், பென்சீன் போன்ற ஆவிகளுக்கு வந்தால் என் கட்சி மாறிவிடும். மூலக்கூறு கனமானது (ஹெக்சேன் ஒரு மோலுக்கு 86 கிராம்), அழுத்தமோ குறைவு, குழாய்ச் சுவரிலும் ரப்பர் வளையத்திலும் ஆவி ஒட்டிக்கொண்டால் கன அளவுக் கணக்கு நாறிவிடும். தராசுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதோடு இந்த ஆவிகள் துளைப் பரப்பில் ஒட்டுவதோடு நிற்காமல் கரியின் உடலுக்குள்ளேயே ஊறி அதைப் புடைக்க வைக்கும் என்பதால் சமநிலைக்கு நாள்கள் ஆகும், எடை இன்னும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் நான் செய்தது ஹெக்சேனில் சில அளவீடுகள் மட்டும்தான், அதுவும் உலர்ந்த கரியில்.