திருத்தி எடுத்த மாஸி 135: எஞ்சினில் குறையில்லை, எயார்தான் தொல்லை

மாஸி பெர்கசன் 135 உழவு மெசினின் எஞ்சினைப் பற்றி வயல் செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ், இரண்டரை லீற்றர், 45 குதிரைவலு. என்னுடையது அப்பா காலத்து மெசின். 1978 சூறாவளியில் தென்னை விழுந்து நெளிந்த பொனற்றோடு மாட்டுக்காலைக்குப் பக்கத்தில் வருசக்கணக்காகக் கிடந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, பழைய மெசினுக்கும் ஆட்கள் வாய்க்கு வந்த விலை சொல்லத் தொடங்கிய பிறகுதான் இதைத் திருத்தி ஓட்டுவது என்று முடிவெடுத்தேன்.

லைனர், பிஸ்டன், கிராங் அரைப்பு, கிளச் பிளேட் எல்லாம் முடிந்தது. சாமானுக்கு அலைச்சல் இல்லை. சென்னையில் டாஃபே கம்பனி 1960களிலிருந்து இந்தக் குடும்பத்து மெசின்களைச் செய்துவருவதால் பாதி சாமான் மட்டக்களப்பு ரவுணிலேயே கிடைத்தது, மீதி கொழும்பு பஞ்சிகாவத்தையில். அங்குலச் சாவி செற் ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும்.

என்னைப் படுத்துவது எஞ்சின் அல்ல, எயார், அதாவது டீசல் பைப்புக்குள் புகும் காற்று. நல்லா உழுதுகொண்டு போகும். ராங்கில் டீசல் கால்வாசிக்கு இறங்கியதும் சத்தம் மாறும். இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கி, வயல் வட்டைக்கு நடுவில் அப்படியே அடங்கிவிடும். அதன் பிறகு எயார் எடுக்கிற சடங்கு. முதலில் பில்ட்டரின் மேல் ஆணியைத் தளர்த்தி, ராங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிப்ட் பம்பின் சின்னக் கைப்பிடியை அடிக்க வேண்டும். பம்பை அமுக்கும் கேம் தூக்கிய இடத்தில் எஞ்சின் நின்றிருந்தால் அந்தக் கைப்பிடி செத்த மாதிரி ஆடும், டீசல் ஏறாது. எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். வெள்ளை நுரையாக வரும், பிறகு குமிழியாக வரும், குமிழி நின்று டீசல் தெளிவாக வழியும்போது ஆணியை இறுக்கலாம். அடுத்தது இன்ஜெக்டர் பம்பின் இரண்டு ஆணி. கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட் அடித்தால் ஒவ்வொரு பைப்பும் துப்பத் தொடங்கும். புழுதி விதைப்புக்கு மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், பற்றரியும் இறங்கும் நிலையில், இதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் விளங்கும்.

பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பம்புதான் மனே, கழட்டிக் கொழும்புக்கு அனுப்பு." அனுப்பினேன். பம்ப் பார்த்த இடத்தில் காசை வாங்கிக்கொண்டு, கலிபரேசன் செய்தோம், இனிப் பிரச்சினை எங்களுடையதில்லை என்றார்கள். வந்து பூட்டி முதல் நாளே நின்றது. ராங்கிலிருந்து வரும் பைப்பை ஒருவராவது தொட்டுப் பார்க்காமல் பம்பைக் குற்றம் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன கிழமைதான் காரணம் பிடிபட்டது. ராங்கின் அடிக் குழாய்க்குள் இருக்கும் வலை, துருப் பொருக்கால் முக்கால்வாசி அடைத்திருந்தது. ராங் நிறைய இருக்கும்போது டீசல் தன் பாரத்தில் எப்படியோ இறங்கிவிடும். மட்டம் குறைந்தால் பம்ப் இழுக்க வேண்டும், வலை விடாது. அப்போது பைப் மூட்டில் இருக்கும் தேய்ந்த ஒலிவ் வளையம் வழியாகக் காற்றை இழுக்கிறது. வெளியே ஒழுக்கு என்று எதுவும் தெரியாது. அந்த மூட்டைச் சுற்றி மட்டும் தூசு கொஞ்சம் ஈரமாக, விரலில் கறுப்புச் சேறு மாதிரி ஒட்டியது. அவ்வளவுதான் அடையாளம். ராங்கை ஆரம்பத்திலேயே கழுவித்தான் பூட்டினோம். 2022இல் டீசல் வரிசையில் கிடந்த காலத்தில் கிடைத்ததை அடிமட்டம் வரைக்கும் ஓட்டியதில், உள்ளே ஒட்டியிருந்த துருவெல்லாம் கழன்று கீழே வந்துவிட்டது. இப்போது குழாய், பைப், ஒலிவ் எல்லாம் புதிது. செலவு, பம்புக்குக் கொடுத்த காசில் ஒரு சிறு பங்கும் வராது.

இனி நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மெசினில் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ரோலிக் மாதிரி ஒன்றை நான் வேறு எதிலும் அனுபவிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பலர் சீற்றுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய ஸ்பிரிங்கைக் கவனிப்பதே இல்லை. அது ஆட்டம் கண்டு கிடக்கும், கலப்பையை ஒரே உயரத்தில் வைத்து இழுப்பார்கள். நாங்கள் ஆட்டத்தை எடுத்துச் சரியாகப் பூட்டினோம். இப்போது கலப்பை இறுகிய களியில் முட்டினால் கலப்பையைப் பிடித்திருக்கும் மேல் கம்பி ஸ்பிரிங்கை அமர்த்துகிறது, ஹைட்ரோலிக் தானாகக் கலப்பையை ஒரு சொட்டுத் தூக்குகிறது, கலப்பையின் பாரம் பின்சில்லில் ஏறுகிறது. சில்லு சுற்றாமல் பிடிக்கிறது. மண் இளகியதும் கலப்பை பழையபடி இறங்கும். நெம்பில் கை வைக்க வேண்டியதில்லை. ஹரி பெர்கசன் யோசித்த இந்த ஏற்பாட்டை உழும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சந்தோசம். புது மெசின் வைத்திருக்கும் சின்னத்தம்பி மாமாவே வந்து ஒரு வரவை வயல் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்க மனமில்லாமல் இருந்தார்.

மண்டூர்ப் பக்கம் ஒரு 135 விலைக்கு வருகிறது, எடுத்துத் திருத்தலாமா என்று மச்சான் கேட்கிறார். எடுக்காதீங்க என்றுதான் சொன்னேன். நேற்றுத்தான் டீசல் நாறும் கையோடு வந்தேன், வேறு பதில் என் வாயில் வராது. என்னுடையதைக் கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள், அது விற்பனைக்கில்லை.

மச்சான் எப்படியும் போய்ப் பார்ப்பார். அப்படியென்றால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம், பெயின்றைப் பார்க்கவும் வேண்டாம். ராங் மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். அடியில் செம்மண் மாதிரி படிந்திருந்தால், புது ராங்கின் காசைக் கழித்துவிட்டு விலையைப் பேசுங்கள்.