பாதம் தொங்குபவருக்கு எந்தப் பட்டை? செருப்பைக் கழற்றும் ஊரிலிருந்து ஓர் அனுபவம்

இடுப்பு முள்ளந்தண்டில் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி ஐந்தாவது நரம்பு வேரை நெரித்ததில் என் இடது பாதம் தொங்கிப்போனது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலி போய்விட்டது. பாதத்தைத் தூக்கும் பலம் முழுதாகத் திரும்பவில்லை. காலை எடுத்து வைத்தால் பெருவிரல் நிலத்தில் உரசும். அதைத் தவிர்க்க முழங்காலை உயர்த்தினால், இறங்கும்போது பாதம் சீமெந்துத் தரையில் 'பட்' என்று அறையும். வீட்டில் நான் எந்த அறையில் நிற்கிறேன் என்பது அந்தச் சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரியும்.

பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் கணுக்கால் பட்டையைத் தேடும் எல்லோரும் முதலில் கேட்பது 'பாரம் குறைந்தது எது?' என்றுதான். சில ஆண்டுகள் வெவ்வேறு வகைகளைப் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அது இரண்டாவது கேள்வி. ஒரு நாளில் எத்தனை தரம் செருப்பைக் கழற்றுகிறீர்கள் என்பதுதான் முதலாவது.

மிகவும் பாரம் குறைந்தது கார்பன் நாரில் செய்தது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். முழங்காலுக்குக் கீழே கணைக்காலின் முன்பக்கமாக ஒரு தகடு, பாதத்துக்குக் கீழே மெல்லிய இன்னொரு தகடு. இரண்டையும் பக்கவாட்டில் ஒரு தண்டு இணைக்கும். பாதத்தை உந்தும்போது தகடு வளைந்து, நிமிரும்போது காலை முன்னே தள்ளிவிடும். பலாலி வீதியோரமாக நீண்ட தூரம் நடந்தும் இடுப்பு நோகவில்லை. நடைக்கு இதை மிஞ்ச நான் போட்டவற்றில் ஒன்றும் இல்லை.

ஆனால் அதைச் சப்பாத்துக்குள் வைத்துத்தான் போடவேண்டும். எங்கள் வீடுகளில் விறாந்தைப் படியோடு சப்பாத்து நின்றுவிடும். "இஞ்சேருங்கோ, மண்ணோட உள்ளுக்கு வராதேங்கோ" என்ற குரல் வந்தால் குனிந்து நாடாவை அவிழ்த்து, தகட்டை உருவி, பட்டியைக் கழற்றவேண்டும். கிணற்றடிக்குப் போக மறுபடி மாட்டவேண்டும். கடை, வாசிகசாலை, செத்தவீடு, எங்கே போனாலும் இதே கதை. கார்பனை வெப்பம் கொடுத்துத் திருத்தவும் முடியாது. அளவு கொஞ்சம் பிசகினால் பிசகினதுதான். கணைக்கால் எலும்பில் உரசிய இடத்துக்குப் பஞ்சு வைத்துச் சமாளிக்கிறேன்.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் 1968 இல் உருவானது. வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சம்மணம் போடவும் ஏற்றமாதிரியே அதைச் செய்தார்கள். யாழ்ப்பாணத்திலும் 1987 இலிருந்து அந்தப் பெயரில் ஒரு நிலையம் இயங்கிவருகிறது. கால் இழந்தவருக்கு எங்கள் தரையை நினைத்து ஒரு கால் கிடைத்தது. கால் தொங்குபவருக்கு வரும் பட்டைகளில் பெரும்பாலானவை இன்னும் சப்பாத்துக்காரரை நினைத்தே வருகின்றன.

இப்போது நான் வெளியே போகும்போது போடுவது சாதாரண பொலிபுரொப்பிலீன் பட்டை. காலுக்குப் பிளாஸ்டர் மாக்கட்டுப் போட்டு அச்செடுத்து, சூடாக்கிய பிளாஸ்ரிக் தகட்டை அந்த அச்சின்மேல் படியவைத்து வெட்டி எடுப்பார்கள். கணுக்காலுக்குப் பின்னால் ஒடுங்கிய வடிவம். அந்த ஒடுங்கிய இடம்தான் வளைந்து திரும்பும். கார்பன் அளவுக்குத் துள்ளல் இல்லை. வெயிலில் கெண்டைக்கால் வியர்த்து ஊறும். முழங்கால் வரை வரும் பருத்தி மேஸ் இல்லாமல் போடவே கூடாது. ஆனால் உறுத்தினால் அந்த இடத்தை மட்டும் சூடுகாட்டி விரித்துக் கொடுப்பார்கள். பின்பட்டி வைத்த அகலமான சாண்டிலுக்குள்ளும் அடங்குவதால் கழற்றி மாட்டுவது சுலபம்.

இதன் குறை: பாதம் பக்கவாட்டில் சரிவதை இது பெரிதாகத் தடுக்காது. கல் பெயர்ந்த ஒழுங்கைகளில் கவனம் தேவை. பாரிசவாதத்துக்குப் பிறகு கால் விறைத்து உள்ளே திரும்புபவர்களுக்கு இந்த வளையும் வகை பெரும்பாலும் போதாது; அவர்களுக்குக் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் தடித்த வகையைத்தான் சொல்வார்கள். அதை இயன்மருத்துவரும் பட்டை செய்பவரும் நடக்கவிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும், படம் பார்த்து அல்ல.

வீட்டுக்கும் கோயிலுக்கும் துணிப் பட்டை. கணுக்காலில் ஒரு சுற்று, பாதத்தின் நடுவில் ஒரு சுற்று, இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் இலாஸ்ரிக் ஒன்று. வெறுங்காலில் போடலாம். நல்லூர் திருவிழாவில் வெளிவீதி மணலில் இதோடுதான் நடக்கிறேன். வேட்டிக்குக் கீழே யாருக்கும் தெரியாது. நேரம் போகப் போக இலாஸ்ரிக் தளரும், விரல் மறுபடி மணலைக் கோதத் தொடங்கும். அரைநாள் வேலைக்கு இதை நம்பமாட்டேன்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இடது பாதம் தொங்கினால் கியரை விரலால் மேலே தட்ட முடியாது. எந்தப் பட்டை போட்டாலும் அது பாதத்தைத் தாங்குமே தவிர தட்டித் தராது. நான் கியர் இல்லாத ஸ்கூட்டிக்கு மாறிவிட்டேன்.

சப்பாத்தோ சாண்டிலோ வாங்கும்போது பட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஓர் அளவு பெரிதாக எடுத்து, அந்தக் காலின் உள்தட்டை உருவிவிட்டால் இடம் கிடைக்கும். குதி உயரம் பட்டை செய்தபோது போட்டிருந்த அதே உயரமாக இருக்கட்டும். உயர்ந்தால் முழங்கால் முன்னே தள்ளப்படும், தாழ்ந்தால் பின்னே இழுபடும்.

எனக்குப் பாதத்தின் மேற்புறம் மரத்திருப்பதால் உரசினாலும் நோகாது. ஆகவே இரவில் பட்டையைக் கழற்றியதும் லைட்டுக்குக் கீழே பார்க்கிறேன். சிவப்புத் தடம் அரை மணித்தியாலத்துக்குள் மறைந்தால் சரி. அதற்கு மேலும் நின்றால் அடுத்த நாள் போடாமல் திருத்தக் கொடுக்கிறேன். நீரிழிவுக்காரர் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

முதலில் பழுதாவது வெல்க்ரோதான். மணலும் நூலும் ஏறிப் பிடியை விட்டுவிடும். பழைய பல் பிரஷால் கோதிவிட்டால் கொஞ்சக் காலம் ஓடும். அப்புறம் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்தால் புதிதாக வைத்துத் தைத்துத் தருவார். பட்டி ஆணி அடித்த இடத்தை மட்டும் மாற்றவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.