விடுப்பில் வரும்போது ஆண் மலட்டுத்தன்மைக்கான மரபணுப் பரிசோதனை

மூன்று வார விடுப்பில் ஊருக்கு வருபவர்கள் இந்தப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டே திரும்பலாம். ஆனால் வந்த கையோடு கேரியோடைப்புக்கு, அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் கொடுத்துவிட வேண்டும். அதை மட்டும் யாராலும் அவசரப்படுத்த முடியாது. வெள்ளையணுக்களை மூன்று நாள் உயிரோடு வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றி, 20 செல்களிலாவது குரோமோசோம்களை எண்ணுவார்கள். ரிப்போர்ட் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

ரத்தம் எடுக்கும்போது டியூபின் மூடியைக் கவனியுங்கள். கேரியோடைப்புக்குப் பச்சை மூடி, ரத்தம் கட்டாமல் இருக்க உள்ளே சோடியம் ஹெப்பாரின். ஒய் குரோமோசோமில் ஏதாவது துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் டெலிஷன் சோதனைக்கு ஊதா மூடி, அதே வேலைக்கு உள்ளே இடிடிஏ. கேரியோடைப்புக்கும் ஊதாவிலேயே எடுத்துவிட்டால் செல்கள் சரியாக வளராது. ஃப்ரீசரில் உறையவைத்து அனுப்பினாலும் அதே கதிதான். தவறு தெரியவரும்போது விடுப்பில் ஒரு வாரம் போயிருக்கும்.

விந்தணு மில்லிலிட்டருக்கு 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால்தான் பொதுவாக இவை இரண்டும் தேவை. அணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு மறுபடி கொடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் படிந்ததையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விடுப்பு முடிவதற்குள் விரையிலிருந்து அணு எடுக்கும் அறுவை சிகிச்சையையும் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஒய் டெலிஷன் ரிப்போர்ட் வரும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் என்ற இடத்தில் ஏ, பி, சி என்று பகுதிகள் உண்டு. இதில் ஏ அல்லது பி பகுதி முழுவதுமாக இல்லாதவருக்கு அணு கிடைக்க வாய்ப்பே இல்லை எனலாம். கத்தி வைப்பது வீண் வலி. சி பகுதி மட்டும் இல்லையென்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் குறை பிறக்கும் மகனுக்கும் அப்படியே போகும், இதைத் தம்பதி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரியோடைப்பில் 47,எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் என்று வந்தாலும், மைக்ரோஸ்கோப் வைத்து விரையில் அணுவைத் தேடி எடுக்கும் மைக்ரோ டீசி அறுவை சிகிச்சையில் பலருக்கு அணு கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பே டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்துவிடக் கூடாது. வெளியிலிருந்து வரும் ஹார்மோன், விரையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஹார்மோன்களை அடக்கி, மிச்சமிருக்கும் உற்பத்தியையும் நிறுத்திவிடும்.

விந்தின் அளவு 1.5 மில்லிலிட்டருக்கும் குறைவு, அமிலத்தன்மை, தொட்டுப் பார்த்தால் இருபக்கமும் விந்துக்குழாய் தட்டுப்படவில்லை என்றால் வழி வேறு: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல், செரிமான நோயோடு தொடர்புள்ள சிஎஃப்டிஆர் மரபணுவைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் மாற்றங்களை மட்டும் தேடும் சிறு பேனல் சோதனை நம்மவர்களுக்குப் போதாது, மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்ஸ் செய்யக் கேளுங்கள். சிறுநீரகம் இரண்டும் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுங்கள். இதே மரபணுவைப் பார்க்க மனைவியின் ரத்தத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். இருவரிடமும் மாற்றம் இருந்தால் குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரக்கூடும்.