வெண்கலப் பறவை, பீங்கான் தொட்டி: கலை என்று எதைச் சொல்வது?

1926இல் பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்த நியூயார்க் சுங்க அதிகாரிகளுக்குத் தலை சுற்றியது. உள்ளே பளபளவென்று மெருகேற்றிய, நெடிய, ஒல்லியான வெண்கலத் துண்டு. பெயர் ‘விண்ணில் பறவை’. செய்தவர் சிற்பி பிரான்குசி. அலகைக் காணோம், இறக்கையைக் காணோம். சிற்பமென்றால் வரி கிடையாது. உலோகச் சாமான் என்றால் 40 சதவீதம். சமையல் பாத்திரங்களோடு சேர்த்து வரி போட்டுவிட்டார்கள். வழக்கு நடந்து, 1928இல் பிரான்குசிதான் ஜெயித்தார்.

கலையென்றால் இயற்கையைப் போலச்செய்வது என்ற பழைய கோட்பாட்டின்படி, சுங்க அதிகாரிகள் பக்கமே நியாயம். அந்தக் கோட்பாட்டை அதோடு விட்டுவிடலாம்.

ஆங்கிலேய கலை விமர்சகர் கிளைவ் பெல் 1914இல் வேறு அளவுகோல் தந்தார்: பொருளார்ந்த வடிவம். கோடும் வண்ணமும் சேர்ந்து நமக்குள் ஒரு தனி உணர்வை எழுப்பினால் அது கலை. பறவை சுலபமாகப் பாஸாகிவிடும். ஆனால் அந்த உணர்வு எது என்று கேட்டால், அத்தகைய வடிவம் எழுப்புவது என்கிறார். வடிவம் எது என்றால், அந்த உணர்வை எழுப்புவது. செக்குமாட்டுச் சுற்று.

டால்ஸ்டாய்க்கு வடிவத்தைவிடத் தொற்றுதான் முக்கியம். கலைஞர் தான் உணர்ந்ததை நமக்கும் ஒட்டவைக்க வேண்டும். அந்த அளவுகோலில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியையே தள்ளிவிட்டார். தன் எழுத்திலும் இரண்டு கதைகளை மட்டும் நல்ல கலை என்று வைத்துக்கொண்டு மீதியைக் கழித்தார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. அந்த அளவுகோலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எது கலை என்ற கேள்விக்குள் எது நல்லது என்ற கேள்வியும் வந்து கலந்துவிடுகிறது.

இனி தொட்டி. 1926இல் பிரான்குசியின் சிற்பங்களோடு அதே கப்பலில் வந்த கலைஞர் மார்செல் டுஷாம்ப், அதற்கு முன்பே 1917இல் கடையில் கிடைக்கும் பீங்கான் சிறுநீர்த்தொட்டியை மல்லாத்தி வைத்து, ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு, ‘நீரூற்று’ என்று பெயர் சூட்டிக் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டியவர் எதை அனுப்பினாலும் வைப்போம் என்றவர்கள் இதை மட்டும் வைக்கவில்லை.

தத்துவவாதி ஜார்ஜ் டிக்கியின் நிறுவனக் கோட்பாட்டுக்கு இது தலைவலி. கலையுலகின் சார்பில் ஒருவர் ஒரு பொருளை ரசனைக்கென்று முன்வைத்தால் அது கலை என்றார் அவர். கண்காட்சிக்காரர்கள் மறுத்தார்களே என்றால், டுஷாம்ப் ஒருவர் முன்வைத்ததே போதும் என்பார். சரி, அந்தத் தகுதி வந்தது எப்படி என்று தெரிகிறது. எதற்காகக் கொடுக்க வேண்டும்? அங்கே டிக்கி கையை விரித்துவிடுகிறார்.

இவர்களில் எனக்கு நெருக்கமானவர் தத்துவவாதி ஆர்தர் டாண்டோ. கடையில் விற்கும் ‘பிரில்லோ’ பாத்திரம் தேய்க்கும் பஞ்சுப் பெட்டிகளைப் போலவே கலைஞர் வார்ஹோல் செய்துவைத்த பெட்டிகளை 1964இல் பார்த்தவர். கடைப் பெட்டிக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஆகவே வித்தியாசம் கண்ணில் படும் இடத்திலேயே இல்லை என்றார். பின்னாளில், கலைப்பொருள் ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார். கடையில் அடுக்கியிருக்கும் தொட்டி எதைப் பற்றியதும் அல்ல. மல்லாந்து கிடக்கும் தொட்டியோ, ‘கலை என்று யார் சொல்வது?’ என்று கேட்கிறது. சாலைப் பலகைகூட ஒன்றைப் பற்றியதுதானே என்று மடக்கலாம். அதனால்தான், சொல்ல வந்ததை உருவமே ஏந்தி நிற்க வேண்டும் என்றும் அவர் கேட்டார்.

அசல் தொட்டி தொலைந்துபோயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை டுஷாம்ப் பின்னாளில் ஒப்புதல் தந்து செய்வித்த நகல்கள். அவற்றின் முன்னாலும் ஆட்கள் நின்று அதே சண்டையைத்தான் போடுகிறார்கள்.